சாயாதே, மாப்ளே!

"சாயாதே! மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்க. பின்னாடி மான் நிக்குது!"

கீழேயிருந்து டெரல் சொன்ன வேகத்தில், சாயப் போன எமெட் அப்படியே மரத்தோடு ஒட்டிக்கொண்டான். ஓக் மரப்பட்டை கன்னத்தைப் பிறாண்டியது.

மூன்று ஆள் உயரம். கழற்றி மாட்டும் அலுமினியப் படிகளை மரத்தில் பட்டையால் இறுக்கி, படிக்குப் படி தொங்கும் நாடா வளையங்களில் கால் வைத்து உச்சிப் படிக்கு வந்திருந்தான். இடுப்பைச் சுற்றி ஏணை மாதிரி ஓர் இருக்கை, அதன் முன்னால் கனத்த கயிற்று வளையம். தலைக்கு மேல் மரத்தில் கட்டிய கயிற்றின் கொக்கியை அதில் மாட்டிவிட்டால், பின்னால் சாய்ந்து, வில்லும் கையுமாகப் பொழுதெல்லாம் தொங்கிக்கொண்டே மானுக்காகக் காத்திருக்கலாம். எமெட் மாட்டினான். 'க்ளிக்' என்று சத்தமும் கேட்டது. ஏறும்போது காவலுக்குச் சுற்றியிருந்த கயிற்றைக்கூட அவிழ்த்துப் பையில் போட்டாயிற்று. சாய வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் இந்த மான்.

"மச்சான், கால் நடுங்குது. கொஞ்சம் சாஞ்சுக்கறேனே."

"சாஞ்சே, அவ்வளவுதான்! பத்து வருஷத்துல இப்படி ஒரு கொம்பை நான் பார்த்ததில்ல."

"எங்கே? நானும் பார்க்கறேன்."

"தலையைத் திருப்பாதே! குனியாதே! கையை எடுத்தே, கொன்னுடுவேன்."

செய்யக்கூடியவர்தான். தங்கை புருஷனை டெரலுக்கு ஆகாது என்பது, அந்த விஸ்கான்சின் ஊரில் பொரித்த சீஸைக் கொறித்தபடி பீர் குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். 'உள்ளூர்ல ஆம்பளையே இல்லாமலா சிகாகோவுல போய்ப் பிடிச்சே?' என்று கல்யாண விருந்திலேயே தங்கையைக் கேட்டவர். வருஷா வருஷம் இந்த மரத்தில் ஏறுவது அந்தத் தங்கை ஜோலீன்தான். இந்த வருஷம் அவள் வாயும் வயிறுமாக இருந்ததால், அவளுடைய மரமும் படியும் இருக்கையும் புருஷன் தலையில் விழுந்தன. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டவே யோசிக்கிற ஆள்!

"மச்சான், கை மரத்துப்போச்சு."

"மரத்துல இருக்கற கை மரத்துத்தான் போகும். பிடி!"

"மானா நானா, யார் முக்கியம் உங்களுக்கு?"

"இப்போதைக்கு மான்."

சாய்ந்தால் போதும், உடம்பின் பாரமெல்லாம் இறங்கிவிடும். எமெட்டின் விரல்கள் ஒவ்வொன்றாக மரத்திலிருந்து வழுக்கின.

"இங்கிருந்து பார்த்தா புதர் மறைக்குது. நான் மேல வர்றேன். உன் பக்கத்துலேர்ந்து அம்பு விடறேன்," என்றார் டெரல்.

"இதே மரத்துலயா? படி ரெண்டு பேரைத் தாங்குமா?"

"தாங்கலைன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தெரியும்."

படிகள் கிறீச்சிட்டன. படிகளை இறுக்கிய பட்டைகள் முனகின.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்தக் காடும் அதையொட்டிய சோளக்கொல்லையும் மாமனார் விட்டுப் போனவை. டெரலுக்குப் பாதி, ஜோலீனுக்குப் பாதி. 'தன் பாதியை விற்கச் சொல்லி அவளுக்கு ஓதறதே அந்தச் சிகாகோக்காரன்தான்' என்று டெரல் சர்ச் வாசலில் வைத்தே சத்தம் போட்டிருந்தார். வேட்டைப் பருவத்தில் ஒருவன் மரத்திலிருந்து விழுந்து செத்தான் என்றால், இந்தப் பக்கம் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. 'ஐயோ பாவம்' என்று கேசரோல் என்கிற அடுப்பில் வேகவைத்த பதார்த்தம் ஒன்றைச் சமைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

"மச்சான், வராதீங்க. நான் இறங்கிடறேன்."

"அசையாதே!"

குரல் இடுப்புக்குப் பக்கத்தில் கேட்டது. கூடவே ஒரு கை இடுப்பில் ஊர்ந்தது. எதையோ தேடியது. பிடித்தது. கொக்கியின் வாய் திறக்கும் சத்தம் எமெட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மச்சான்! கொக்கியையா கழட்டறீங்க?"

"வாயை மூடு."

"நிலத்தைப் பத்தி நான் இனிமே பேசவே மாட்டேன். சத்தியமா. குழந்தை பிறக்கப் போகுது மச்சான்..."

"மூடுன்னேன்!"

மேலேயிருந்து வந்த கயிறு தொளதொளவென்று அவன் காதில் உரசியது.

'க்ளிக்.'

"இப்போ சாய்."

"மாட்டேன்."

"சாயுடா!"

அவன் எங்கே சாய்ந்தான்? கைகள்தாம் தோற்றுப் பிடியை விட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டான். கயிறு விண்ணென்று இழுபட்டது... நின்றது. எமெட் அந்தரத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தான்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். அறுவடை முடிந்த சோளக்கொல்லை வெறிச்சோடிக் கிடந்தது.

"மான் எங்கே மச்சான்?"

டெரல் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த ஊர் வரைக்கும் ஒரு மான் நிக்காது. உண்மையைச் சொன்னா நீ கையை விட்டுட்டுக் குனிஞ்சு பார்த்திருப்பே, மாப்ளே," என்றார், வார்த்தை குழற. "கொக்கியை நீ இருக்கையோட கயித்து வளையத்துல மாட்டல, பக்கத்துல தண்ணி பாட்டில் தொங்கவிடற மெல்லிசு நாடாவுல மாட்டியிருந்தே."