வெட்டக் கூடாத இடம்

"மேடம், ரெண்டு வரிக்கு ஒருதரம் பாட்டை நிறுத்திடுறீங்களே, மூச்சு வாங்குதா? அந்த இடத்தையெல்லாம் வெட்டிடட்டுமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

சினிமாவுக்கே எழுதிவந்த பாடலாசிரியை, சிறுவயதில் களை பறித்தபோது பாடிய பாட்டுகளைப் புது ஆல்பத்துக்காகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அதுல கை வெச்சீங்க, பொல்லாதவளாயிடுவேன்!"

"கம்பெனி திருப்பி அனுப்பிடும் மேடம்."

"அனுப்பட்டும். வாங்க, எங்க வீட்ல போட்டுக் கேப்போம்."

வீட்டில் பாட்டு ஓடியது. இரண்டு வரி முடிந்து நின்றது.

சமையலறையிலிருந்து கணீரென்று பதில் பாட்டு வந்தது! அடுத்த வரி தொடங்கியதும் சரியாக நின்றது.

"எங்கக்கா. எனக்குப் பாட்டுன்னு ஒண்ணைக் காட்டினவளே அவதான். மைக்கைக் கண்டா வாய் திறக்கமாட்டா. அவ பங்கை நான் பாடலாமா?"

ஈரக் கையோடு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இன்னமுமா எனக்கு இடம் விட்டுப் பாடறே?"