நீள லென்ஸ் இருந்த இடம்

ஜன்னல் வெயிலில், கட்டில் முழுக்க லென்ஸ்களைப் பரப்பிவைத்து, அந்தமானுக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கிறான் மதியழகன். ஒரத்தநாட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் படமெடுப்பவன், இன்று தன் தேனிலவுக்குப் பை அடுக்குகிறான். புது மனைவி குந்தவை ஒரு துணிமுடிச்சை நீட்டுகிறாள். "கடல் காத்து ஈரங்க. கேமராவோட அரிசி வச்சா இழுத்துக்கும்." அவிழ்த்தால் மஞ்சள் மஞ்சளாய் அட்சதை, போன வாரம் அவர்கள் தலையில் விழுந்ததைச் சேர்த்து வைத்திருக்கிறாள். லென்ஸில் மஞ்சள் ஒட்டுமே என்று சொல்ல வாயெடுக்கிறான். "தாலி கட்டுறப்பகூட போட்டோக்காரர் சரியா நிக்கிறாரான்னுதானே பாத்தீங்க," என்கிறாள், முந்தானை நுனியைத் திருகியபடி. தூரத்து முகங்களைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அது இருந்த குழியில் அந்த முடிச்சை அலுங்காமல் வைக்கிறான்.