பிராது வாபஸ்

“பிராதை வாபஸ் வாங்கணுங்க” என்றார் விருத்தகிரி. குரலில் அப்படி ஒரு நிம்மதி.

எழுத்தர் நோட்டைப் புரட்டினார். “எதிராளி சமாதானத்துக்கு வந்துட்டானா?”

“எதிராளி ஆளில்லீங்க. எங்கூட்டுக்காரி தலைக்குள்ள இருந்த கட்டி.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இதுதான் வழக்கம். குறையை மனுவாக எழுதி வேலில் கட்டினால், தொண்ணூறு நாளில் முருகன் தீர்த்து வைப்பார். தீர்ந்ததும் மறக்காமல் வாபஸ் வாங்கிவிட வேண்டும். மனைவி அம்சவல்லிக்காகக் கட்டிய பிராதுக்கு இன்று எழுபதாவது நாள்.

விருத்தகிரி பையிலிருந்து இரண்டு ஸ்கேன் படங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் படத்தில் மொச்சைக்கொட்டை போல ஒரு வெள்ளை. இரண்டாவதில் அந்த இடம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

“எம்மவன் அன்பு சென்னையில இந்த ஆராய்ச்சியிலதான் இருக்கான். தூசியவிடப் பொடிசா இரும்புத்தூளு. ரத்தத்துல ஏத்துனா கட்டியில போயி ஒட்டிக்கும், படத்துல பளிச்சுனு தெரியும். வெளிய காந்தத்த வெச்சா தூளு சூடாகிக் கட்டியப் பொசுக்கிடுமாம். முப்பது வருஷமா பீங்கான் சூளையில நிக்கிறேன், எனக்குத் தெரியாத சூடா?”

“படத்துல பேரக் காணோமே. வெறும் ஏழுன்னு போட்டிருக்குது?”

“பெரிய ஆஸ்பத்திரியில நாமெல்லாம் நம்பருதாங்க.”

போன மாதம்தான் அன்புச்செல்வன் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஏதோ ஊசி போட்டுப் படம் எடுத்தான். நேற்று ஊருக்கு வந்தவன் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டான். படங்கள் அவன் பையில் இருந்தன.

காலையிலும் அம்சவல்லி வாந்தி எடுத்தாள். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. ‘கட்டி போனாலும் அசதி போக நாளாவும்’ என்று தேற்றிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்திருந்தார்.

வாபஸ் மனுவைச் சன்னதியில் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்தபோது, அன்புச்செல்வன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

“அப்பா, என் பையில இருந்த படத்த எடுத்தீங்களா? நாளைக்கு லேபுல குடுக்கணும்.”

“இந்தா, எடுத்துக்க. சாமிகிட்ட வாபஸும் வாங்கிட்டேன். அம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லு.”

அன்பு படங்களை வாங்கிக்கொண்டான். தலை நிமிரவில்லை.

“அம்மாவுக்கு அன்னிக்குப் போட்டது வெறும் படம் எடுக்குற ஊசிதாம்ப்பா. இந்த இரும்புத்தூள மனுசங்களுக்கு ஏத்த எங்களுக்கு அனுமதி கெடையாது. அது வர இன்னும் பத்து வருஷமாவது ஆவும்.”

“அப்ப இந்தப் படம்?”

“எலியோடதுப்பா.”