மொட்டைமாடிச் சாகுபடி

"பத்தே பத்து பழைய பக்கெட்டுதாண்ணே! மொட்டைமாடி ஓரமா வச்சு கீரை போட்டுக்கறேன். மாடிச் சாவியை மட்டும் கொடுங்க."

மூன்றாவது மாடி வாசலில் வந்து நின்று கேட்டது தரைத்தளத்து மெஹராஜ் பேகம். சோபாவில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இளையபெருமாள் பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளி உட்கார்ந்தார். தஞ்சாவூரில் அந்தப் பதினாறு வீட்டு அபார்ட்மெண்டுக்கு அவர்தான் செயலாளர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நாள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"உள்ள வாங்கம்மா. தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணிதான். சும்மா சாக்கடைக்குத்தானே போகுது? மோட்டார் தண்ணியில ஒரு சொட்டு தொட மாட்டேன்."

"ஆக, பாசன வசதி இருக்கு," என்று முணுமுணுத்தார் அவர். "உரம்?"

"காய்த்தோலு, முட்டை ஓடு, டீத்தூளு எல்லாத்தையும் ஒரு மண்பானையில போட்டு மக்க வச்சா உரம். குப்பை வண்டிக்குப் போறது பாதியாக் குறைஞ்சிடும். பதினாறு வீடும் இப்படிச் செஞ்சா வாசல்ல அந்த நாத்தமே இருக்காதுண்ணே."

"அடியுரமும் ரெடி. விளைஞ்சா?"

"முதல் கட்டு உங்களுக்குத்தான்!"

"ஐயய்யோ!" என்று அலறினார் இளையபெருமாள். "கீரையைக் கொண்டுவந்து நீட்டிடாதீங்கம்மா! நான் கை நீட்டி வாங்கினா குத்தகை அளந்த மாதிரி ஆயிடும். அப்புறம் நீங்க சாகுபடிதாரர். சுப்ரீம் கோர்ட்டே வந்தாலும் உங்க பக்கெட்டை அசைக்க முடியாது!"

மெஹராஜ் பேகம் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவம், அவருடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. பாபநாசம் பக்கம் அவர் அப்பாவுக்கு ஒரு வேலி, அதாவது ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, நஞ்சை இருந்தது. அப்பா வரப்பைக்கூட மிதித்ததில்லை. முப்பது வருஷம் சேற்றில் நின்றது குத்தகைக்கு எடுத்த ரெத்தினம். குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது, தாலுகா ஆபீசில் ரெத்தினத்தின் பெயர் பதிவானது, அதற்குமேல் அவரை நிலத்தை விட்டு எழுப்ப யாராலும் முடியவில்லை. கடைசியில் வந்த விலைக்கு ரெத்தினத்துக்கே விற்றார்கள். பாடுபட்டவனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. இளையபெருமாளுக்கு மட்டும் அன்றிலிருந்து யார் கையில் மண்வெட்டியைப் பார்த்தாலும் ரெத்தினத்தின் முகமே தெரியும்.

"இந்த ஊர்ல வந்தவன் போக மாட்டாம்மா," என்றார் ஆத்திரமாக. "அடுத்தவன் இடத்துல உக்காந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னா, அவனெல்லாம் மனுஷனா?"

அடுப்படியிலிருந்து மனைவி தர்மாம்பாள் தலையை நீட்டினாள். "இதை நீங்க பேசறீங்க பாருங்க!"

"நான் பேசாம? பட்டவன் நான்டி!"

தர்மாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெஹராஜ் பேகம் பால்கனிப் பக்கம் பார்த்தாள். காலை வெயில் அப்படிக் கொட்டிக் கிடந்தது. அதை அனுபவித்துக்கொண்டிருந்தது ஒரு கால் ஒடிந்த நாற்காலியும் நாலு வருஷத்துப் பழைய பேப்பரும்தான்.

"கீழ எங்களுக்குப் பொட்டு வெயில் கிடையாதுண்ணே. ஒரு கறிவேப்பிலைச் செடிகூட பிழைக்க மாட்டேங்குது," என்று பெருமூச்சு விட்டாள். "சரி, நம்பிக்கை இல்லைன்னா நீங்களே ஒரு பத்திரம் எழுதுங்களேன். எனக்கு இந்தச் சட்டமெல்லாம் என்ன தெரியும்?"

அவ்வளவுதான், இளையபெருமாளின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார். முப்பது வருஷத்து வயிற்றெரிச்சலையும் அந்த ஒரு தாளில் இறக்கினார். ரெண்டு தடவை டீ வந்து ஆறிப்போனது. முடித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கேட்டுக்கங்க. 'மேற்படி மொட்டைமாடியில் நான் எத்தனை வருடம் இருந்தாலும் எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. சொந்தக்காரர் கேட்ட முப்பதாம் நாள் மறுபேச்சில்லாமல் காலி செய்துவிடுவேன். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் மூட்டுவலி, இது ஆடி மாதம், இது மார்கழி மாதம் என்று எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்.' எப்படி?"

"எங்கேருந்துண்ணே பிடிச்சீங்க இத்தனை சாக்கையும்?"

"அனுபவம்மா, அனுபவம்!" என்றார் பெருமையாக.

"இதுல ஓட்டை ஒண்ணும் இல்லையே? பின்னால வக்கீலு எவனும் வந்து பேசிட முடியாதே?"

"எறும்பு நுழைய வழி கிடையாது. நீங்க தைரியமா கையெழுத்துப் போடுங்க!"

மெஹராஜ் பேகம் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் ரெண்டு தடவை படித்தாள். பிறகு தாளையும் பேனாவையும் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அப்ப 'மொட்டைமாடி'ன்னு இருக்கிற இடத்துலயெல்லாம் 'மூணாவது மாடி வீடு'ன்னு மாத்தி, நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்கண்ணே," என்றாள். "பன்னண்டு வருஷமா நானும் ஆடி கழியட்டும், மார்கழி கழியட்டும்னு காத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க வாடகைக்கு இருக்கிற என் வீட்டைக் காலி பண்ணிட்டா, கீரைக்கு அந்தப் பால்கனியே எனக்குப் போதும்!"