திரும்பிக்கோங்க

கம்ப்யூட்டருக்குள் புகுந்திருந்த வைரஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துடைத்தெடுத்தவள் தில்லைநாயகி. வாரம் தவறாமல் அப்டேட் போடுவதும் அவள்தான். இனி எதை இறக்குவதானாலும் அவள் பாஸ்வேர்டு போட்டால்தான் நடக்கும். கண்ட மெயிலையும் திறந்து அந்த வைரஸை வீட்டுக்கு அழைத்து வந்த கணவர் குஞ்சிதபாதம், இன்று ஒரு செஸ் விளையாட்டுக்காக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எங்கிருந்து இறக்குகிறார் என்று நிதானமாகப் படித்துப் பார்த்தாள். பிறகு, "திரும்பிக்கோங்க" என்றாள்.

பேச்சில் யாருக்கும் முதுகு காட்டாத மனிதர், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"முன்னே என் பேருதானே பாஸ்வேர்டா இருந்துச்சு?" என்றார் காலண்டரிடம்.

"அதுதான் ஊருக்கே தெரியுமே."

"இப்போ யார் பேரு?"

கீபோர்டு மட்டும் சடசடத்தது. அவர் பெயரைவிட அந்தச் சத்தம் நீளமாக இருந்தது; பிள்ளைகள் பெயரைச் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வராது. பிறகு சத்தம் நின்றது.

"திரும்பலாமா?"

விளையாட்டு இறங்கி முடிந்து, திரையில் காய்கள் வரிசையாக நின்றிருந்தன. தில்லைநாயகி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.