சாட்சிக் கையெழுத்து

பொன்னுமுத்துப் புலவர் வீட்டு முன்னறையில், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்த காலை வெயிலில் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் குலசேகரன்பட்டினத்து வியாபாரி சூசைமிக்கேல். பேர்பெற்றவர்களின் கையெழுத்தை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். "அச்சுல வந்த பாட்டு எல்லார் வீட்டுலயும் கெடக்கு வே. அவுக கை பட்ட தாளு எத்தனை இருக்கும்? இப்பம் கையும் நடுங்குதுங்காவ. இனி புதுசா ஒண்ணு வரவா போகுது?" என்று தாளின் ஓரத்தைத் தடவுகிறார். எதிரே நிற்கிறார் புலவரின் எழுத்தர் தேவசிகாமணி. இரண்டு வருஷமாகப் புலவரின் பெயரைக் கையெழுத்தாகப் போடுவது இவர் கைதான்; இந்தத் தாளிலும் அதே கைதான். உள்ளறையில் புலவர் இருமுகிறார். யாரோ அவருக்குக் கஞ்சி ஊட்டும் கரண்டி கிண்ணத்தில் மெல்லத் தட்டுகிறது. "அவுக எழுதயில நீரு பக்கத்துல நின்னீருல்லா? அப்படின்னு எழுதி, கீழ உம்ம கையெழுத்தையும் போட்டுத் தாரும். பொறவு எவனும் சந்தேகப்பட மாட்டான்." "அண்ணாச்சி, அது வந்து..." "பைய எழுதும் வே, அவசரமில்ல." தேவசிகாமணி பேனாவை மையில் தோய்க்கிறார். புலவர் பெயருக்குப் பழகிய சாய்வும் சுழிப்பும் தாமாகவே விரலுக்கு வருகின்றன. விரல்களை விறைத்துக்கொண்டு, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கோணலாக இழுக்கிறார். சூசைமிக்கேல் மையை ஊதி உலர்த்துகிறார். மேலும் கீழும் மாறிமாறிப் பார்த்துச் சிரிக்கிறார். "மேல அவுக கையெழுத்தப் பாரும், என்ன லட்சணம்! உம்ம கையெழுத்துதான் வே, கள்ளக் கையெழுத்து கணக்கா இருக்கு."