மெஷினுக்கு என்ன தெரியும்?

"கழட்டுங்கோ அக்கா இந்தப் படத்தை! இப்பவே கழட்டுங்கோ!"

துவாரகன் போட்ட சத்தத்தில், கேக் வெட்டிக்கொண்டிருந்த டேனிஷ் பெண்மணி கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சிறிய மண்டபம். சனிக்கிழமை மதியம். விமலராணியின் புதிய ஓவியக் கண்காட்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"மெல்லக் கதையுங்கோ தம்பி. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்! நீங்கள் செய்து வைச்சிருக்கிற கூத்தை எல்லாரும் பாக்கட்டும்!"

அவன் கோபப்பட உரிமை உள்ளவன்தான் என்று அங்கிருந்த தமிழர்கள் நினைத்தார்கள். விமலராணி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியரானவள். கரித்துண்டில் தொடங்கி, நீர்வண்ணத்துக்கும் பிறகு எண்ணெய் வண்ணத்துக்கும் வந்தவள். அவளுடைய முதல் கண்காட்சிக்குக் கூடப்பிறவாத தம்பிபோல ஓடியோடி நாற்காலி அடுக்கியவன் துவாரகன். அவள் வரைந்த துறைமுகப் படகுகள் இன்றும் அவன் வீட்டு வரவேற்பறையில் தொங்குகின்றன. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் "எங்கடை அக்கா கீறினது" என்று காட்டுவான்.

அந்த விமலராணிதான் இரண்டு வருடத்துக்கு முன் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். இன்று சுவரில் இருப்பவை எல்லாம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள். என்ன வேண்டும் என்று சொற்களில் கொடுக்கவேண்டும். அது படமாக்கித் தரும். மனதுக்குச் சரியென்று படும்வரை விமலராணி அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பாள்.

துவாரகன் விரல் நீட்டிய படத்தில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். மெல்லிய இரவு உடை. வெறுங்கால், கணுக்கால்வரை பனியில் புதைந்திருந்தது. எதிரே ஒரு வீடு. ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம்.

"எந்த விசரி சினோப் பனிக்குள்ளை வெறுங்காலோடை நிப்பாள்? சொல்லுங்கோ பாப்பம்! வீட்டிலை லைற் எரியுது. குளிர்ந்தால் கதவைத் திறந்து உள்ளுக்கை போகவேண்டியதுதானே?"

விமலராணி படத்துக்குப் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றாள்.

"இதுதான் மெஷினின்ரை மூளை. குளிர் எண்டால் என்னெண்டு அதுக்குத் தெரியுமோ? வீடு எண்டால் தெரியுமோ? கையாலை கீறியிருந்தால் நீங்கள் ஒருக்கால் யோசிச்சிருப்பியள்."

"சில படங்களைக் கையாலை கீறேலாது தம்பி. ஆளை முன்னாலை இருத்தி வைச்சுக் கீறினால், ஆர் எண்டு ஊருக்கே தெரிஞ்சுபோம்."

"பெரிய கதை! சரி, இதுக்கு என்ன எழுதிக் குடுத்தனீங்கள்? சொல்லுங்கோ, கேப்பம்."

அவள் தயங்கினாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"இரவு. சினோ. காலிலை ஒண்டும் இல்லை. வீட்டுக்குள்ளை லைற். கதவு பூட்டியிருக்கு."

துவாரகனின் முகம் சிவந்தது.

"இவ்வளவுதானோ? உந்த நாலு சொல்லை ஆரும் எழுதலாம்! இந்தா நிக்கிறாள் என்ரை மனிசி, இவள்கூட எழுதுவாள்! அப்ப இவளும் ஆர்ட்டிஸ்ற்றோ? சொல்லடி, இது ஒரு படமோ?"

அவன் மனைவி சுஜாந்தினி படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு உதுகள் விளங்காது. வாங்கோ, பிள்ளையளை நீச்சல் வகுப்பாலை கூட்டிவரவேணும்."

"பாத்தியளோ? ஒரு சாதாரண ஆளுக்கே விளங்கேல்லை. மற்றதுகள் கிடக்கட்டும். இதை மட்டும் கழட்டுங்கோ. வெள்ளைக்காரர் பாத்துச் சிரிக்கப்போறாங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த டேனிஷ் பெண்மணி கத்தியை வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துவாரகன் எட்டிச் சட்டகத்தைப் பிடித்தான். அடுத்த நொடி விமலராணி அவனுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள்.

"கையை எடு!"

அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"இதிலை கை வைச்சால் பொலிசைக் கூப்பிடுவன். வேறை ஆருக்கும் இல்லை, உனக்குத்தான் சொல்லுறன். கையை எடு!"

அவன் கையை எடுத்தான். சுற்றிப் பார்த்தான். அத்தனை கண்களும் அவன்மேல் இருந்தன.

"உங்கடை படகுப் படத்தைக் கொண்டுவந்து உங்கடை வாசலிலை எறியிறன். இனி நீங்கள் எங்களுக்கு ஓவியரும் இல்லை, அக்காவும் இல்லை!"

மேல்கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு அவன் வெளியேறினான். சுஜாந்தினி தலை குனிந்தபடி பின்னால் போனாள்.

"துவாரகன் கத்தினது பிழைதான்," என்றார் அங்கே நின்ற பெரியவர் நவரத்தினம். "ஆனாலும் பிள்ளை, அவன் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. மெஷின் செய்யிறதிலை உயிர் எங்கை இருக்கு?"

விமலராணி கோணலாகிவிட்ட சட்டகத்தை நேராக்கினாள்.

கதவு மறுபடி திறந்தது. சுஜாந்தினி மட்டும் வந்தாள்.

"கையுறையை விட்டிட்டன்," என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு நேரே விமலராணியிடம் வந்தாள். வெளியே காரின் ஹோர்ன் பொறுமையில்லாமல் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"அவர் திங்கக்கிழமை வேலைக்குப் போனாப்பிறகு அடுத்த படத்துக்கு எழுதி அனுப்புறன் அக்கா. இந்தமுறை ஜன்னலிலை ரெண்டு பிள்ளையளையும் போடுங்கோ, அவையளும் பாத்துக்கொண்டுதான் நிண்டவை."